ஐம்பத்தேழாம் கைநாட்டு

திங்கட்கிழமை, பிற்பகல்

அறிவு அளவாகவும் வாய் அளவில்லாமலும் வாய்க்கப்பெற்ற என் அருமை மருமகளுக்கு,

பஸ் இரண்டு, ரயில் ஒன்று, விமானம் மூன்று, தலைசுற்றல் எண்ணிக்கையில் அடங்காது என்று பயணம் செய்து, உலக சபையின் வாசலில் வந்து இறங்கியிருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். நீயும், உன் கடையும், கடையில் இருமிக்கொண்டே ஓடும் அந்த ஜெராக்ஸ் மெஷினும் நலமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று நீ முனகுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவைப்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடிதம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு மருமகளுக்கு மாமனாகத்தான் இருந்திருப்பான்.

முதலில் கட்டடம். நம் மலையை அடியோடு பெயர்த்து உள்ளே வைத்தாலும் ஓரமாக நாலு நாற்காலி போட இடம் மிச்சமிருக்கும். காலையில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் இருப்பவர் மத்தியானம்தான் திரும்பிப் பார்ப்பார். கம்பளம் அவ்வளவு தடிமன். போன வருடம் முழங்கால் வரை புதைந்துபோன ஒரு பிரதிநிதியை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்களாம். நடந்தால் சத்தமே வருவதில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. நடக்கிறவனுக்குத் தன் காலடியாவது கேட்க வேண்டாமா? பின்னால் யாராவது வந்தால் எப்படித் தெரியும்?

சபைக்கூடத்தில் முன்வரிசை எல்லாம் அரசாங்கங்களுக்கு. பின்வரிசை நமக்கு, மலை, காடு, பனி, பாலைவனம் என்று உலகத்தின் எல்லா ஓரங்களிலிருந்தும் வந்திருக்கும் பழங்குடிகளுக்கு. நாடு உள்ளவர்கள் முன்னே, நாடு என்று ஒன்று வருவதற்கு முன்பே இருந்தவர்கள் பின்னே. அவர்களுக்கு வாக்கு உண்டு. நமக்கு மூன்று நிமிடம் உண்டு. மூன்று நிமிடம் ஆனதும் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் அறுந்துவிடும். நான் தொண்டையைச் செருமவே மூன்று நிமிடம் ஆகும் என்பது மலைக்கே தெரியும்.

அதனால் உன்மேல் ஒத்திகை பார்க்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். நிமிர்ந்து உட்கார். "தலைவர் அவர்களே! ஒரு மக்களின் நிலத்தை எடுப்பதற்கு முன்னால் விவரத்தைச் சொல்லி, மிரட்டாமல், முன்கூட்டியே அவர்களுடைய ஒப்புதலை வாங்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். எங்கள் மலையில் சுரங்கம் தோண்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டதாக எங்கள் அரசாங்கம் ஒரு பட்டியல் காட்டுகிறது. அதில் ஐம்பத்தேழாவது வரிசையில் என் அக்காவின் பெயரும் எதிரே ஒரு கைநாட்டும் இருக்கின்றன. பட்டியலில் உள்ள தேதிக்கு மூன்று மாதம் முன்பே என் அக்கா இறந்துபோனாள். இறந்தவள் எப்படிக் கைநாட்டு வைத்தாள்?" இந்த 'எப்படி'யில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்பது நமக்காக வாதாட என்னோடு வந்திருக்கும் வக்கீலம்மாவின் உத்தரவு. கழற்றினால் எனக்குக் கூட்டமே தெரியாது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இனி ஒரு வேடிக்கை. வாசலில் அனுமதி அட்டை கொடுக்கும் மேஜையில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். மனுக் கொடுத்தவர்கள் உண்மையிலேயே அந்த மக்கள்தானா என்று சரிபார்க்க, நம் அரசாங்கம் அனுப்பிய அதே பட்டியலை, பெயர், ரேகை எல்லாவற்றோடும், அதற்குள் ஏற்றியிருக்கிறார்கள். இடது கட்டைவிரலை வை என்றாள் மேஜைப் பெண். எனக்கு நகச்சுற்று என்று கட்டுப் போட்ட விரலைக் காட்டினேன். கட்டை அவிழ் என்றாள். வலது விரலை நீட்டினேன். தலையை ஆட்டினாள். வேறு வழியில்லாமல் அவிழ்த்து வைத்தேன். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு அட்டையைத் துப்பியது. மேலே என் படம், மீசையோடு. கீழே உன் அம்மாவின் பெயர்.

அது செத்துப்போன என் அக்கா என்று வக்கீலம்மா மூலம் எடுத்துச் சொன்னேன். "மெஷின் தப்பு பண்ணாது. திருத்தணும்னா அஞ்சு வேலை நாள் ஆகும்" என்றாளாம். ஆக, இந்தச் சபை கலையும் வரை உன் மாமன் உன் அம்மா. நீ புருவத்தைச் சுருக்குவாய். சுருக்காதே. மெஷின் கோளாறு, அவ்வளவுதான். அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

மற்றபடி ராஜ உபசாரம். விமானத்திலேயே காலியான பக்கத்து இருக்கைக்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைத்தார்கள். விடுதியில் காலை உணவுக்கு என் எதிரே இரண்டாவது கோப்பை வைத்து, அதில் மட்டும் பாலில்லாமல் டீ ஊற்றினாள் பரிமாறுகிற அம்மாள். தானாகத் திறக்கும் கதவுகள் நான் உள்ளே போனதும் மூடுவதில்லை. ஒரு ஆள் நுழையும் நேரம் காத்திருந்து, அப்புறம் மூடுகின்றன. கூடத்தில் என் மேஜையில் வைத்திருந்த தாள்களில் மட்டும் மேல் மூலை மடிந்திருந்தது. கரண்ட் பில்லைக் கூட மூலை மடிக்காமல் கீழே வைக்காத ஒருத்தியை நாம் இரண்டு பேரும் அறிவோம். தற்செயல். உலகத்தில் தாள்கள் மடியும்.

ஒரு வேண்டுகோள். கடைச் சுவரில் நாலு மடங்கு பெரிதாக்கி ஒட்டிவைத்திருக்கிறாயே அந்தக் கைநாட்டு, அதைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி உள்ளே வை. வருகிற வாடிக்கையாளர்கள் பயப்படப்போகிறார்கள். சும்மாதான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சிவப்பு விளக்கை வெல்லப் புறப்பட்டிருக்கும்,
உன் பின்வரிசைப் பேரரசன்,
மாமா


புதன்கிழமை, மத்தியானம்

என் மருமகளுக்கு,

இன்று அலங்காரம் குறைவாக இருக்கும். பேனாவில் மை குறைவு என்று வைத்துக்கொள்.

நேற்று மைக் சோதனை. கூடத்தின் பக்கச் சுவரில் கண்ணாடிக் கூண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் பேச்சுக்கென்று கிடைத்தவர் சின்ன வயதிலேயே நம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டவர்; ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனிதர். நான் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணிவிட்டு எழுந்தேன். அவர் கூண்டை விட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"உங்க பக்கத்துல உக்காந்திருந்த அம்மா யாருங்க? அவங்களும் பேசப்போறாங்களா?" என்று கேட்டார்.

யாரும் உட்காரவில்லையே என்றேன். அந்த நாற்காலியில் என் பை கூட இல்லை. அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "இருபது வருஷமா இதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பேசப்போறவங்க மூச்சு இழுக்குறதைக் கேட்டுத்தான் நான் வாயையே திறப்பேன். உங்க மைக்ல ரெண்டு மூச்சு வருதுங்க. முதல்ல அவங்களோடது. அப்புறம்தான் உங்களோடது" என்றார்.

நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவன், இரண்டு ஆள் மூச்சு விடுவதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொல்லப்போனால் நானும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்குரிய காதுக் கருவி கொக்கியில் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். அதன் பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன்புதான் யாரோ கழற்றிவைத்தது போல.

இன்று காலை லிப்டில் நம் அரசுத் தரப்பு ஆளோடு மாட்டிக்கொண்டேன். சாம்பல் நிறக் கோட்டு. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கத் தோன்றும். என் அட்டை எப்படியோ நேராகத் திரும்பியிருந்தது. கோட்டுக்காரர் அதைப் படித்தார். என் மீசையைப் பார்த்தார். மறுபடி படித்தார். "அம்மா சௌக்கியமா? நீங்க உயிரோட இருக்கீங்கன்னு இப்பதானே தெரியுது" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லிப்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் போன பிறகும் மேலே எடையைக் காட்டும் எண் இரண்டு ஆளுக்கு உரியதாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் வக்கீலம்மா ஒரு தாளோடு வந்தார். அரசுத் தரப்பு புதிதாக ஒரு மறுப்புக் கொடுத்திருக்கிறது. ஐம்பத்தேழாவது வரிசைப் பெண்மணி திங்கட்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்குத் தன் ரேகையை வைத்து இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறார். சபையின் பதிவேடே அதற்குச் சாட்சி. ஆகவே அவர் இறக்கவில்லை. ஆகவே ஒப்புதல் செல்லும். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய ஒப்புதலும் செல்லும். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு. "அட, மெஷின் கோளாறுன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். நாளைக்கு எல்லார் முன்னாடியும் உங்க விரலை வேற ஒரு மெஷின்ல வெச்சுக் காட்டுங்க, போதும்" என்றார்.

நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

மருமகளே, மெஷின் தப்புப் பண்ணவில்லை.

நம்மிடம் உள்ள வழக்கம் உனக்குத் தெரியும். டவுனில் கடை போட்டுப் பத்து வருடம் ஆனதில் மறந்திருக்கலாம். இறந்தவரின் பெயரை எங்காவது வாசித்தால், ஒரு வருடம் வரைக்கும், கூடப் பிறந்தவர் 'உள்ளேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாமல் ஒரு பெயர் தரையில் விழக் கூடாது. வருடம் முடிந்ததும், எந்தக் கணக்கில் கடைசியாக 'உள்ளேன்' சொன்னோமோ அந்தக் கணக்கை எடுத்தவர் முன்னாலேயே, பெயரை ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். அதோடு அவர் போய்விடுவார். அது வரை கூடவே இருப்பார்.

பட்டியலில் உள்ள அந்தத் தேதியன்று, பள்ளிக்கூட வராந்தாவில் மருந்து முகாம் என்று சொன்னார்கள். நீ டவுனில் இருந்தாய். ஒரு எழுத்தர் மேஜை போட்டு உட்கார்ந்து, பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். "ஒண்ணுமில்ல, வந்தவங்க கணக்குதான். வெச்சுட்டு மாத்திரை வாங்கிக்குங்க" என்றார். ஐம்பத்தாறு முடிந்தது. அடுத்து உன் அம்மாவின் பெயரை வாசித்தார். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "உள்ளேன் ஐயா" என்றது. அவர் தலை நிமிரவே இல்லை. மைப் பெட்டியை நகர்த்தினார். நான் இடது கட்டைவிரலை வைத்தேன். ஐம்பத்தெட்டு என் பெயர். அதற்கு மட்டும், படித்தவன் என்ற திமிரில், வாலும் கொம்பும் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் என் ரேகை இருக்கும் ஒரே இடம் ஐம்பத்தேழு. ஒப்புதல் என்ற தலைப்பு அதற்கு எப்போது முளைத்தது என்று கடவுளுக்கும் அந்த எழுத்தருக்கும்தான் தெரியும்.

நீ அந்தத் தாளின் நகலை வாங்கி, பெரிதாக்கி, "எங்கம்மா விரல்ல தழும்பே கிடையாது, இதுல பாருங்க, குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு" என்று கத்தினாயே, அன்று நான் கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். உனக்கு மூன்று வயதில் பிஸ்கட் டப்பா திறக்கவில்லை என்று நீ ஊரைக் கூட்டினாய். தகர மூடி என் விரலைக் கிழித்தது. அந்தக் கோடுதான் இது. நீ கடையில் கத்திய அன்றிலிருந்து எனக்கு நகச்சுற்று. இரண்டு வருடமாக ஆறாத நகச்சுற்று உலக வைத்திய வரலாற்றிலேயே எனக்கு ஒருத்தனுக்குத்தான். நீ வாங்கிக் கொடுத்த களிம்பையெல்லாம் முழங்காலுக்குத் தடவிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பத்திரிகையில் உன் படம் வந்தது. மலையே உன் பின்னால் நின்றது. உன் அம்மாவின் விரலைத் திருடிய கள்ளனைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று நீ சொன்னபோது, உன் முகத்தில் அவள் முகம் வந்து போனது. அப்புறம் எந்த வாயால் சொல்வது? வருடம் முடிந்தபோதும் நான் 'இல்லை' சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுரங்கக்காரர்கள் முள்வேலி போட்டுவிட்டார்கள், அந்த எழுத்தர் திரும்பி வரவே இல்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலி ஒரு சாக்கு. அந்தச் சொல் என் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். நாலு வருடமாக அவளை நிறுத்திவைத்திருக்கிறேன். கால் கடுக்க.

நாளை பத்தே முக்காலுக்கு என் முறை. பொய்யை இழுத்துப் பிடித்தால் ஒரு விரல் வைத்ததும் நம் பக்கம் இருக்கும் உண்மை எல்லாமே பொய்யாகிவிடும். உண்மையைச் சொன்னால் நீ இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்த மனுவெல்லாம் உன் மாமன் கையால் கிழியும். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதவே முடிகிறது.

இங்கே சிற்றுண்டிக் கூடத்தில் நல்ல வெயில். சுற்றிலும் ஆட்கள், சிரிப்பு, கரண்டிச் சத்தம். என் வலது கையில் பேனா. இடது கையில் டீ. இந்தத் தாளின் மேல் மூலையைப் பார். நான் மடிக்கவில்லை.

மாமா


வெள்ளிக்கிழமை, காலை

என் கண்ணான மருமகளுக்கு,

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நான் அளந்துவிட்டால் உன் அம்மா கிள்ளுவாளே; இன்று பக்கத்தில் யாரும் கிள்ளாததால் மிகைப்படுத்த ஆசை இருக்கிறது. ஆனால் மாட்டேன்.

முதலில் கோட்டுக்காரர் பேசினார். தேன் ஒழுகப் பேசினார். இறந்ததாகச் சொல்லப்படும் அம்மையார் பதிவேட்டின்படி இப்போது இந்தக் கூடத்திலேயே இருக்கிறார் என்று முடித்துப் பின்வரிசைப் பக்கம் கையை நீட்டினார். முன்னூறு தலைகள் திரும்பின. மருமகளே, அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கை அகலம் தள்ளி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் மரியாதையாகத் தலையைக் கூட ஆட்டினார்கள்.

தலைவர் என்னை அழைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. விரல் கட்டைக் கழற்றினேன். இரண்டு வருடப் பழக்கத்தில் இறுக்கிக் கட்டியது, அவிழ்க்கவே முப்பது வினாடி போயிற்று. வேறு மெஷின் எதுவும் வேண்டாம், ஐம்பத்தேழு நான்தான் என்று சொல்லி விரலைத் தூக்கிக் காட்டினேன். வக்கீலம்மாவின் பேனா கீழே விழுந்தது. அந்தக் கம்பளத்தில் அதற்கும் சத்தம் வரவில்லை.

பிறகு வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். மாத்திரை, மைப் பெட்டி, பெயர் வாசித்தது எல்லாம். நான் என்ன சொன்னேன் என்பதை நீ ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளும்படி அப்படியே எழுதுகிறேன். "ஒப்பந்தத்தில் இறந்தவளுக்காக ஒருவன் விரல் வைத்தால் அவன் திருடன். வருகைக் கணக்கில் வைத்தால் அவன் தம்பி. என் அக்கா சாகும் வரை அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டேன். அவளுடைய கையை விற்கிற ஆள் நான் இல்லை. நான் வைத்தது வருகைக் கணக்கில். அப்படியானால் எங்கள் மலையில் மற்ற இருநூற்றுப் பதினொரு பேரும் வைத்தது எதில்?"

கூடத்தில் முதல் முறையாக எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மிச்ச நேரம் காட்டும் எண் இருபது வினாடிக்கு வந்துவிட்டது. தலைவர் அவர்களே, அந்தப் பெயரை ஒரு தடவை வாசியுங்கள் என்றேன். அவர் தயங்கினார். கணக்கெடுத்த அரசாங்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, எனக்கு அது போதும் என்றேன். அவர் பட்டியலைத் தூக்கி உன் அம்மாவின் பெயரை வாசித்தார். தப்பும் தவறுமாகத்தான் வாசித்தார். ஆனாலும் அந்தப் பெயர் அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

நான் 'இல்லை' என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர் உடனே பேசவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பேசினார். அப்புறம் வாசலில் பார்த்தபோது காரணம் சொன்னார். "நீங்க அதைச் சொல்றதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுத்தாங்க. உள்ள போச்சு. வெளிய வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்லைங்க" என்றார்.

முடிவு கேள். ஐம்பத்தேழாம் வரிசையை அடித்துவிட்டார்கள். நம்மிடம் உள்ள நகலில் தாளின் மேல் பட்டை வெட்டப்பட்டிருக்கிறது என்று நீ மனுவில் ஒரு மூலையில் எழுதியிருந்தாயே, நாங்கள் யாரும் கண்டுகொள்ளாத அந்த ஒரு வரியைத் தலைவர் பிடித்துக்கொண்டார். மூலத்தாளைத் தலைப்போடு, அறுபது நாளுக்குள் கொண்டுவந்து காட்டு. அது வரைக்கும் மலையில் மண்வெட்டி படக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். 'கேட்டுக்கொள்கிறோம்' என்றுதான் எழுதுவார்களாம், அதற்கு மேல் இந்தச் சபைக்குக் கை இல்லையாம். ஆனாலும் கோட்டுக்காரர் தன் கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஆள் இருந்தது அப்போதுதான் உறுதியாயிற்று. ஆக, ஜெயித்தது உன் ஒரு வரி. மாமன் செய்தது குறுக்கே நிற்காமல் விலகியது மட்டும்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

வெளியே போகும்போதும் விரலை வைக்க வேண்டும். வைத்தேன். இந்த நபர் பத்து ஐம்பத்திரண்டுக்கே வெளியேறிவிட்டார் என்று காட்டியது. நான் 'இல்லை' சொன்ன நேரம் அது. மறுபடி வைத்தேன். பட்டியலில் இப்படி ஒரு ரேகை இல்லை என்றது. வரிசையை அடித்துவிட்டார்களே, அதனால்தான் என்று வக்கீலம்மா சொன்னார். அது சரிதான். ஆனால் கதவு திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வந்தபோது அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று காலை உணவுக்கு உட்கார்ந்தேன். இரண்டு கோப்பை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. பரிமாறுகிற அம்மாள் என் மேஜைக்கு வந்து, என் இரண்டு கைகளையும் சுற்றித் துணியால் துடைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளப் பார்த்தாள். நான் இருமினேன். "ஐயோ, கவனிக்கலை" என்பது போல ஏதோ சொல்லி ஓடினாள். ஆள் அசதியாக இருந்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. நான் 'இல்லை' என்று சொன்னது அக்காவுக்கு. அந்த இடத்தில் இருந்த விரலோ என்னுடையது. போக வேண்டியது யார் என்று அந்தச் சொல்லுக்குச் சரியாகத் தெரிந்திருக்குமா?

பயப்படாதே. பசிக்கிறது, கால் வலிக்கிறது, இன்று மட்டும் நாலு பேரை மனதுக்குள் திட்டினேன். இதெல்லாம் இருக்கிறவன் செய்கிற வேலைதான். இந்தத் தாளின் மேல் மூலை மடியவில்லை. மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். அவள் போய்விட்டாள், மருமகளே. நாலு வருடம் தள்ளிப்போட்ட அழுகையை நேற்று அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். யாரும் என்னைச் சுற்றிப் போகவில்லை. நேராகவே வந்தார்கள், கடைசி நிமிடத்தில் தடுமாறி விலகினார்கள்.

சுவரில் நீ ஒட்டியிருப்பது உன் அம்மாவின் விரலும் இல்லை, கள்ளனின் விரலும் இல்லை. உனக்கு டப்பா திறந்து கொடுத்த விரல். அதைக் கழற்றுவதோ, வைப்பதோ, அதன் மேல் செருப்பால் அடிப்பதோ உன் இஷ்டம். எதைச் செய்தாலும் கடையைச் சாத்தாதே. அறுபது நாளுக்கு உனக்கு நிறைய வேலை இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவின் பிடிவாதம் உனக்கு இருக்கிறது. அவளுடைய ஆயுசு மட்டும் வேண்டாம், என்னுடையதில் மிச்சம் எவ்வளவோ அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நன்றாக இரு.

வக்கீலம்மாவின் வேலை முடிய இன்னும் இரண்டு வாரம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா. கோபமாக இருந்தாலும் வா. பஸ் நின்றதும், நான் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, என் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடு. மாமா என்று கூப்பிடாதே, அதற்கு உலகத்தில் யார் வேண்டுமானாலும் திரும்புவார்கள். பெயரைச் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு. பஸ் காலியாகட்டும், ஓட்டுநர் இறங்கிப் போகட்டும், நீ காத்திரு.

நான் 'உள்ளேன்' என்பேன். எனக்குப் பதிலாக நீ மட்டும் அதைச் சொல்லிவிடாதே, என் செல்லமே.

உன் மாமா